ரோசியோலா: ஒரு தடிப்பும் அதன் பல பெயர்களும்

ஹட்டனை அண்டிய தோட்டமொன்றில் ஒன்றரை வயதுக் குழந்தையொன்றுக்கு மூன்று நாள் கடுங்காய்ச்சல் அடித்து, நான்காம் நாள் காலையில் காய்ச்சல் சட்டென்று விட்டு, நெஞ்சிலும் முதுகிலும் சிறு சிறு பொட்டுகள் தோன்றுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அடுத்த காம்பராவிலுள்ள பாட்டி அம்மாள் வந்திருப்பதாகச் சொல்வார். நகரத்து மருந்துக்கடையில் அலர்ஜி என்பார்கள். அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் வைரஸ் காய்ச்சல் என்று எழுதிக் கொடுப்பார்கள். பணம் கட்டிப் பார்க்கும் குழந்தை நல வைத்திய நிபுணரோ துண்டில் 'ரோசியோலா' என்று எழுதுவார். வீடு திரும்பிய தாய் அச்சொல்லைக் கைத்தொலைபேசியில் தேடினால், ஓரிடத்தில் அது குழந்தைகளுக்கு வந்து போகும் தீங்கற்ற நோய் என்றிருக்கும். இன்னோரிடத்தில் ஜேர்மன் சின்னமுத்து என்றிருக்கும். பிறிதோரிடத்தில் பாலியல் நோயொன்றின் இரண்டாம் நிலை என்றும் இருக்கும். மூன்றுமே ஒரு காலத்தில் அச்சொல்லுக்கு வழங்கிய பொருள்கள்தாம். அவற்றுள் இரண்டு இன்றும் வழக்கிலுள்ளன.

நோயொன்றின் பெயர் வைத்தியருக்கு ஒரு குறிப்பு. நோயாளியின் வீட்டாருக்கோ அதுவே அடுத்து என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்கின்றது. ஒரே லயத்தில் பல குடும்பங்கள் நெருங்கி வாழும் மலையகத்தில் அந்தத் தீர்மானம் அடுத்த காம்பராவிலுள்ள கர்ப்பிணித் தாயையும் தொடுகின்றது. ஆகவே இச்சொல்லின் வரலாற்றைச் சற்று விரித்துப் பார்ப்பது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

'ரோசியோலா' என்பது ரோசா நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இளஞ்சிவப்புப் பொட்டு என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. நோயின் காரணத்தையோ அது பரவும் விதத்தையோ அது சொல்லவில்லை. ஆங்கிலேய மருத்துவர் ரொபர்ட் வில்லான் 1808 இல் வெளியிட்ட தோல் நோய் நூலில் இப்பெயரின் கீழ் பல வகைகளை அடுக்கினார். கோடையில் வருவது, இலையுதிர் காலத்தில் வருவது, குழந்தைகளுக்கு வருவது, பெரியம்மைக்கு முன்னோடியாக வருவது, அம்மைப்பால் குத்திய பின் வருவது என்று அவை நீண்டன. நோயைக் கண்ணால் மட்டுமே பார்க்க முடிந்த காலத்தில் நிறத்தையும் பருவத்தையும் கொண்டு பெயரிட்டதில் வியப்பில்லை. ஆனால், ஒரே நிறத்துக்குப் பின்னால் வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கக்கூடும் என்பதை அப்பெயர் மறைத்துவிட்டது.

இக்குழப்பம் வில்லானோடு தொடங்கியதன்று. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவம் புரிந்த அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அல்-ராஸி, பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்தி ஒரு தனி நூலே எழுதினார். பெரியம்மையை அவர் 'ஜுதரீ' என்றும் சின்னமுத்தை 'ஹஸ்பா' என்றும் குறிப்பிட்டார். தடிப்பின் தோற்றத்தை மட்டும் பாராமல், தடிப்புக்கு முன் வரும் காய்ச்சல் எப்படிப்பட்டது, முதுகு வலிக்கின்றதா, நோயாளிக்கு மனக்கலக்கம் மிகுதியா என்றெல்லாம் கேட்டறிந்தது அவருடைய சிறப்பு. அந்நூல் இலத்தீன், கிரேக்கம் முதலிய மொழிகளுக்குச் சென்று, 1848 இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. தடிப்பைப் பார்ப்பதற்கு முன் காய்ச்சலைக் கேள் என்ற அந்த முறை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரும் நுவரெலியாவின் எந்தவொரு வைத்தியசாலைக்கும் பொருந்தும்.

ஐரோப்பாவில் சின்னமுத்திலிருந்து இன்னொரு நோய் பிரிவதற்கு மேலும் பல நூற்றாண்டுகள் சென்றன. ஜேர்மனிய மருத்துவர்கள் அதை 'ரோட்டெல்ன்' என்று அழைத்தனர். 1866 இல், இந்தியாவில் அந்நோய் பரவியதை நேரில் கண்டு எழுதிய பிரித்தானியப் பீரங்கிப் படை மருத்துவர் ஹென்றி வீல், ஜேர்மன் பெயர் ஆங்கிலேயர் காதுக்குக் கரடுமுரடாக இருப்பதாகக் கருதி, எழுதச் சுருக்கமாகவும் சொல்ல இனிமையாகவும் இருக்கவேண்டுமென்று 'ருபெல்லா' என்ற பெயரை முன்வைத்தார். சிறு சிவப்பு என்பது அதன் பொருள். நமது துணைக்கண்டத்து நோயாளிகளைப் பார்த்து இடப்பட்ட பெயர் அது என்பது இங்கு பலருக்குத் தெரியாத செய்தி. 1881 இல் லண்டனில் கூடிய சர்வதேச மருத்துவ மாநாடு அதனைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. ஆயினும் பெயர்ச் சிக்கல் தீரவில்லை. 'ருபியோலா' என்றால் ஆங்கில மருத்துவ நூல்களில் சின்னமுத்து. ஸ்பானிய மொழியில் அதே சொல் ருபெல்லாவைக் குறிக்கும். இதற்கிடையில் சிலர் ருபெல்லாவையே 'தொற்று ரோசியோலா' என்றும் எழுதிவந்தனர். கைத்தொலைபேசியில் தேடிய தாய்க்குக் கிடைத்த இரண்டாவது பொருள் இவ்வாறு வந்தது.

இன்று ரோசியோலா என்ற பெயருக்கு முதல் உரிமை உடையது குழந்தை ரோசியோலா எனப்படும் நோயே. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகர் மருத்துவர் ஜோன் சஹோர்ஸ்கி 1910 இல் அதனைத் தெளிவாக விவரித்தார். காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்த குழந்தை நோய்களுக்கு ஐரோப்பியர் இட்ட எண்வரிசையில் ஆறாவதாக அமைந்ததால் அதற்கு 'ஆறாம் நோய்' என்றும் பெயர். முதலாவது சின்னமுத்து, மூன்றாவது ருபெல்லா. நான்காவதாக 1900 இல் ஒருவர் சேர்த்த நோயைத் தனி நோயென்று இப்போது எவரும் ஏற்பதில்லை. வரிசை மட்டும் இடையில் ஓட்டையோடு நிற்கின்றது. ஆறாம் நோய்க்குக் காரணம் மனித ஹேர்பிஸ் வைரஸ் வகையில் ஆறாவது என்பதை 1988 இல் ஜப்பானிய ஆய்வாளர் யமனிஷியும் அவர்தம் குழுவினரும் நிறுவினர். ஏழாவது வைரஸும் சில வேளைகளில் இதற்குக் காரணமாகின்றது.

இந்நோய் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கே வரும். வைரஸ் வளர்ந்தவர்களின் எச்சிலில் மறைந்திருந்து, பெற்றோரிடமிருந்தும் உடன்பிறந்தாரிடமிருந்தும் குழந்தைக்குத் தொற்றுகின்றது. மூன்று முதல் ஐந்து நாள் வரை உயர்ந்த காய்ச்சல் இருக்கும். அக்காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு வலிப்பும் வரலாம். பின்னர் காய்ச்சல் விடும். விட்ட பின்னரே பொட்டுகள் கழுத்திலும் உடம்பிலும் தோன்றி, கை கால்களுக்குப் பரவி, ஓரிரு நாளில் சுவடின்றி மறையும். பொட்டுகள் வரும்போது குழந்தை சிரித்து விளையாடத் தொடங்கியிருக்கும். காய்ச்சல் விட்ட பின் தடிப்பு என்ற இந்த ஒழுங்குதான் இந்நோயின் அடையாளம். சின்னமுத்தில் இது நேர்மாறு. இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவற்றோடு காய்ச்சல் ஏறி, அதன் உச்சத்திலேயே தடிப்பு காதுக்குப் பின்னும் மயிர் விளிம்பிலும் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும். குழந்தை அப்போதுதான் மிகவும் சோர்ந்திருக்கும். ருபெல்லாவில் காய்ச்சல் மெல்லியது. காதின் பின்னும் பிடரியிலும் நெறி கட்டும். தடிப்பு மூன்று நாள் நிற்கும். நோய் வந்து போனதே தெரியாமல் போவோரும் பலர்.

வேறு இரு நோய்களும் ரோசாவைப் பெயரில் கொண்டவை. நெருப்புக் காய்ச்சலின் போது வயிற்றிலும் நெஞ்சிலும் எண்ணிவிடக்கூடிய அளவில் தோன்றும் சிறு பொட்டுகளை மருத்துவர்கள் ரோசாப் புள்ளிகள் என்பர். விரலால் அழுத்தினால் மறைந்து, எடுத்தால் மீண்டும் தோன்றும். ஊற்றுத் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் கொதிக்கவைக்காமல் குடிக்கும் இடங்களில் ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சலோடு இப்புள்ளிகள் காணப்பட்டால் இரத்தப் பரிசோதனை தவிர்க்கமுடியாதது. மற்றையது சிபிலிஸ் எனும் மேகநோயின் இரண்டாம் நிலைத் தடிப்பு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூடத் தோன்றுவது அதன் இயல்பு. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனைகளுள் ஒன்று இதற்கானது. தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிஸ் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் உறுதிசெய்தமைக்கு அந்தப் பரிசோதனை ஒரு முக்கிய காரணம். ஆகவே குழந்தையின் துண்டில் ரோசியோலா என்ற சொல்லைக் கண்டு தாய்மீதோ தந்தைமீதோ எவரும் ஐயம் கொள்ளவேண்டியதில்லை. சொல் ஒன்று, நோய் வேறு.

இங்கு நாம் சொல்ல விரும்பும் முக்கிய விடயம் ஒன்றுண்டு. ரோசா நிறம் வெள்ளைத் தோலில் பார்த்து இடப்பட்ட பெயர். ஹக்கலைப் பூங்காவில் ரோசாவைப் பார்த்துப் பழகியவர்கள் அந்நிறத்தைத் தங்கள் குழந்தையின் முதுகில் தேடினால் பெரும்பாலும் காணமாட்டார்கள். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் அதே தடிப்பு கருஞ்சிவப்பாகவோ செப்பு நிறமாகவோ இருக்கும். சில வேளை நிற மாற்றமே தெரியாமல் கைக்கு மட்டும் சொரசொரப்பாகத் தட்டுப்படும். மருத்துவ நூல்களின் வண்ணப் படங்கள் நெடுங்காலமாக வெள்ளைத் தோலையே காட்டி வந்தன. அவற்றை வைத்து நமது பிள்ளையை ஒப்பிட்டு 'ஒன்றுமில்லை' என்று இருந்துவிடுவது ஆபத்தானது. புகை படிந்த, சன்னலற்ற காம்பராவின் மங்கிய வெளிச்சத்தில் இன்னும் கடினம். குழந்தையை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் வயிற்றையும் உட்கையையும் பார்க்கவேண்டும், விரலால் தடவவேண்டும். கண்ணாடிக் குவளையை வைத்து அழுத்தியும் பொட்டு மறையாவிட்டால் அது தோலுக்கடியில் கசிந்த இரத்தமாக இருக்கலாம். அப்போது பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கக்கூடாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் வீடு வரும்போது டெங்குவும் கூடவே வரக்கூடும் என்பதால் இதனை அழுத்திச் சொல்கின்றோம்.

நமது முன்னோர் இட்ட பெயர்களைப் பார்த்தால் இந்த வேறுபாடு நன்கு விளங்கும். சின்னமுத்து என்பதில் நிறமில்லை, வடிவம் உண்டு. தமிழகத்தில் அதே நோய்க்கு வழங்கும் மணல்வாரி என்ற பெயர், மணலை வாரி இறைத்தாற்போல் தோல் இருப்பதைச் சொல்கின்றது. கொப்புளிப்பான் என்பது கொப்புளத்தைச் சொல்கின்றது. குழந்தையின் உடல் சிவப்பதைச் செவ்வாப்பு என்று சொல்லும் வழக்கும் உண்டு. நிறம் முற்றாக விடுபட்டுவிடவில்லை. எனினும் பெரும்பாலான பெயர்கள் கண்ணை விடக் கையை நம்பியவை. ஐரோப்பியரின் ருபெல்லா, ருபியோலா, ரோசியோலா மூன்றும் சிவப்பின் வெவ்வேறு சாயல்கள் மாத்திரமே. நமது தோலுக்கு மணலும் முத்துமே பொருத்தமான உவமைகள்.

ஆனால் நமது பெயர்களும் குழப்பமற்றவை அல்ல. இலங்கையில் சின்னமுத்து என்பது தமிழகத்தில் தட்டம்மை. தமிழகத்தில் சின்னம்மை என்பதோ இங்கு கொப்புளிப்பான். தமிழகத் தொலைக்காட்சியில் சின்னம்மை பற்றி வைத்தியர் ஒருவர் கூறும் அறிவுரையை இங்குள்ள தாய் சின்னமுத்துக்கு எடுத்துக்கொள்வது எளிதில் நடக்கக்கூடியது. கடற்கரைக்கு அக்கரையும் இக்கரையும் ஒரே மொழி என்று மகிழ்கின்ற நாம் இந்த ஒரு சொல்லில் மட்டும் கவனமாக இருக்கவேண்டும். சிங்களத்தில் சின்னமுத்தை 'சரம்ப' என்றும் கொப்புளிப்பானைப் 'பப்போல' என்றும் சொல்வர். 'சரம்ப' போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். சிங்களம் மட்டும் பேசும் வைத்தியரிடமும் தாதியிடமும் செல்லும் தோட்டத்துத் தாய் இவ்விரு சொற்களையாவது அறிந்திருந்தால் மொழிபெயர்க்க ஆள் தேடும் நேரம் மிச்சமாகும். மலையகத்து வைத்தியசாலைகளில் தமிழ் பேசும் ஊழியர்கள் போதாமை பல்லாண்டு காலக் குறை. அதனைத் தீர்க்கவேண்டிய பொறுப்பு அரசாங்கத்துடையது, தாயுடையதன்று.

இனி அம்மாள் என்ற பெயர். தோட்டந்தோறும் மாரியம்மன் கோவில் உண்டு. வாசலில் வேப்பிலை செருகுவதும், நோயாளியைத் தனியே படுக்கவைப்பதும், அந்நியரை உள்ளே விடாததும், தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரை ஒதுங்கியிருப்பதும் ஒருவகையில் தொற்றைத் தடுக்கும் ஏற்பாடுகளே. முஸ்லிம் வீடுகளில் ஓதிய தண்ணீர் கொடுப்பதும் மனத்துக்கு ஆறுதல். இவற்றோடு நமக்குப் பிணக்கில்லை. பிணக்கு ஒன்றே. அம்மாள் என்று பெயரிட்டவுடன் வைத்தியரிடம் போகக்கூடாது, குடும்பநல மருத்துவமாதிடம் சொல்லக்கூடாது என்ற எண்ணம் அதனுடன் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. சின்னமுத்துக்குப் பின் வரும் நியுமோனியாவும் வயிற்றோட்டமுமே குழந்தைகளைக் கொல்கின்றன. போஷாக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது மேலும் ஆபத்து. சின்னமுத்து வந்த பிள்ளைக்கு உயிர்ச்சத்து ஏ கொடுக்கவேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சை. வேப்பிலையின் கீழ் அது கிடைப்பதில்லை.

ருபெல்லாவின் கதை இதைவிடக் கொடியது. 1941 இல் சிட்னி நகரின் கண் வைத்தியர் நோர்மன் கிரெக், பிறவியிலேயே கண்ணில் புரை விழுந்த 78 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அவர்களுடைய தாய்மாருள் பெரும்பாலானோர் கர்ப்பத்தின் தொடக்கத்தில் அந்த 'மெல்லிய' நோய்க்கு ஆளாகியிருந்தனர். கண் புரை, செவிட்டுத்தன்மை, இருதயக் குறை ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள் என்பது பின்னர் தெளிவாயிற்று. கர்ப்பத்தின் முதல் பத்து வாரத்தில் தொற்று ஏற்பட்டால் பத்தில் ஒன்பது குழந்தைகள் வரை பாதிக்கப்படலாம். இலங்கையிலும் 1994, 1995 ஆம் ஆண்டுகளில் ருபெல்லா பரவியதன் பின் இவ்வாறு பாதிக்கப்பட்ட குழந்தைகள் நூற்றுக்கணக்கில் பிறந்தனர். அதன் விளைவாகவே 1996 இல் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு ருபெல்லாத் தடுப்பூசி ஏற்றத் தொடங்கினர்.

சின்னமுத்துத் தடுப்பூசி 1984 இல் வந்தது. ஆயினும் 1999, 2000 ஆம் ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோருக்கு அந்நோய் பரவியது. ஒரு முறை ஏற்றினால் போதாது என்பது உணரப்பட்டு, 2001 இல் மூன்று வயதில் இரண்டாவது ஊசி, ருபெல்லாவையும் சேர்த்து, அறிமுகமாயிற்று. 2011 இலிருந்து கூவைக்கட்டையும் சேர்த்த மும்முனைத் தடுப்பூசி ஒரு வயதிலும் மூன்று வயதிலும் ஏற்றப்பட்டது. 2013, 2014 ஆம் ஆண்டுகளின் பரவலில் ஒரு வயது நிறையாத குழந்தைகளே பெருமளவில் பாதிக்கப்பட்டதால், 2015 முதல் முதலாவது ஊசி ஒன்பது மாதத்துக்கு முன்கொண்டு வரப்பட்டது. 2019 ஜூலையில் சின்னமுத்தும், 2020 இல் ருபெல்லாவும் இந்நாட்டில் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. பெருமைப்படத்தக்க சாதனை. ஆனால் 2023 இல் சின்னமுத்து மீண்டும் தலைகாட்டியது. 2024 ஜனவரியில் தெரிவுசெய்யப்பட்ட மாவட்டங்களில் ஆறு மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்கு விசேட ஊசி ஏற்றவேண்டி வந்தது.

பாடசாலையில் ஏற்றப்படும் ஊசி பாடசாலையை விட்டவளுக்குக் கிடைப்பதில்லை என்பதை மலையகம் மறக்கக்கூடாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் படிப்பை நிறுத்தி வீட்டு வேலைக்கோ கடை வேலைக்கோ கொழும்புக்கு அனுப்பப்பட்ட பெண்பிள்ளைகள் இன்று முப்பதுகளில் தாய்மாராக இருக்கின்றனர். அவர்களுள் எத்தனை பேருடைய கையில் அந்தச் சிறிய அட்டை இருக்கின்றது? அட்டை இல்லாதவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, கர்ப்பம் தரிப்பதற்கு முன்னரே ஊசியைப் பெறவேண்டும். ஊசிக்குப் பின் குறைந்தது ஒரு மாதம் கர்ப்பத்தைத் தவிர்க்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கு இவ்வூசி ஏற்றப்படுவதில்லை. பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலும் தடிப்பும் கண்டால், அங்கு பிள்ளையை விட்டுக் கொழுந்தெடுக்கப் போகும் கர்ப்பிணிகளுக்கு அன்றே தெரியப்படுத்த வேண்டியதும் இதனாலேயே. காய்ச்சலும் தடிப்பும் சேர்ந்து வந்தால் வைத்தியர் இரத்த மாதிரியைக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்புவார். ரோசியோலாவா ருபெல்லாவா என்பதை உறுதியாகச் சொல்லக்கூடியது அந்தப் பரிசோதனைதான், நிறமன்று.

இன்னொரு பெயரும் மிச்சமிருக்கின்றது. மருந்துக்கடையில் சொன்ன அலர்ஜி. குழந்தை ரோசியோலாவில் மூன்று நாள் காய்ச்சலுக்கு அமொக்சிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்திருப்பார்கள். வைரஸுக்கு அதனால் பயனில்லை. நான்காம் நாள் காய்ச்சல் தானாகவே விட்டு, தடிப்பு வந்ததும் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டுவார்கள். கிளினிக் புத்தகத்தின் முன் அட்டையில் சிவப்பு மையில் 'பென்சிலின் ஒவ்வாது' என்று எழுதப்பட்டுவிடும். உண்மையான ஒவ்வாமை உயிராபத்தானது என்பதால் அவ்வாறு எழுதும் எச்சரிக்கையைக் குறைகூற முடியாது. ஆனால் பின்னொரு நாளில் நியுமோனியாவோடு நுவரெலியா வைத்தியசாலைக்கு வரும் அதே பிள்ளைக்கு மலிவான, சிறந்த மருந்து அந்த ஒரு வரியால் மறுக்கப்படும். காய்ச்சல் எத்தனையாம் நாள் விட்டது, மருந்து எத்தனையாம் நாள் தொடங்கியது, தடிப்பு எப்போது எங்கே முதலில் வந்தது என்ற மூன்றையும் தாய் ஒரு தாளில் குறித்து அதே புத்தகத்துக்குள் வைத்தால், அந்த வரியை மீண்டும் ஆராய்ந்து பார்க்க ஒரு வைத்தியருக்கு வழி இருக்கும்.